ஊசிமுனையும் திருச்சபையும்

கல்கத்தா மாநகரின் தென்பகுதியில் ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் நாற்சந்தி தமிழர்க்குப் புதியதன்று. அதற்கு மேற்கே லேக் மார்க்கெட்டைச் சுற்றி நம்மவர் பல தலைமுறைகளாகக் குடியிருந்து வருகின்றனர். வங்காளிகளின் சைத்திர மாதக் கடைசியில், அதாவது நம் பங்குனி கழிந்து சித்திரை பிறக்கவிருக்கும் நாட்களில், அந்தச் சந்தியின் நடைபாதைகளில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை. ஆண்டிறுதி மலிவு விற்பனை நடைபெறும் காலம் அது. சேலைக் குவியல்களுக்கிடையே, அட்டைகளில் வரிசையாகக் குத்தி வைத்த காதணிகளையும் மூக்குத்திகளையும் எடுத்துக் கண்ணாடி முன் பிடித்துப் பார்த்துப் பெண்கள் பேரம் பேசுகின்றனர். அதே நாட்களில் காவியுடுத்த சிவனடியார் சிலர் கொட்டு முழக்கத்துடன் தெருத்தெருவாக யாசித்துச் செல்வதையும் காணலாம். சைத்திர மாதத்தின் கடைநாளில் நிகழும் சரக் பூசைக்காக நோன்பு ஏற்றவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த நோன்பின் உச்சம் எது என்றால், காளிகாட்டில் நாவில் இரும்புக் கம்பி ஏற்றிக்கொள்வதும், முதுகுத் தோலில் கொக்கி மாட்டிக்கொண்டு உயர்ந்த கம்பத்தில் சுழல்வதுமேயாம். காளிகாட் கோயிலோ கரியாஹாட்டிலிருந்து மேற்கே நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது.

ஆகவே அழகுக்காகத் துளைத்துக்கொள்ளும் காதும், இறைவனுக்காகத் துளைத்துக்கொண்ட நாவும் ஒரே சாலையின் இரு முனைகளில் அமைந்துவிட்டன. பச்சை குத்துவதையும் உடம்பைத் துளைப்பதையும் பற்றிக் கிறிஸ்தவ சமயம் என்ன கருதியது என்ற வினாவை இன்று நாம் ஆராயப் புகும்போது, இந்தச் சாலையிலிருந்து புறப்படுவதே பொருத்தம். இந்த வினா பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிகக் கடுமையாக எழுந்த இடங்களுள் ஒன்று காளிகாட். அன்றியும், தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் பலரின் சமய நடைமுறைகளைப் பற்றித் தீர்ப்புக் கூறும் அதிகாரம் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததும் இந்த நகரத்திலேதான். 1814-இல் ஆங்கிலத் திருச்சபை கல்கத்தாவில் ஓர் அத்தியட்சரை நியமித்தது. சென்னைக்குத் தனி அத்தியட்சர் வந்த 1835 வரையில், தஞ்சாவூரும் திருநெல்வேலியும் கல்கத்தா அத்தியட்சரின் கண்காணிப்பிலேயே இருந்தன.

திருச்சபை பச்சை குத்துவதைத் தடுத்தது என்று ஒரே சொல்லில் விடை கூறுவோர் உண்டு. தடுக்கவில்லை என்று வாதிடுவோரும் உண்டு. பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தால் இரு சாராரும் பாதி மெய்யே கூறுகின்றனர் என்பது புலப்படும். திருச்சபை ஊசியை அவ்வளவாகப் பார்க்கவில்லை; அந்த ஊசி எவர் பெயரால் குத்தப்படுகிறது என்பதையே பார்த்தது. ஒரே சிலுவைக் குறி ஓரிடத்தில் பக்தியாகவும், வேறொரு குறி இன்னோரிடத்தில் பாவமாகவும் ஆனதற்கு இதுவே காரணம்.

முதலில் விவிலியத்தைப் பார்ப்போம். லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தில், இறந்தோருக்காக உடம்பைக் கீறிக்கொள்ளுதலும் உடம்பில் குறிகளைப் பதித்துக்கொள்ளுதலும் இஸ்ரவேலருக்கு விலக்கப்பட்டுள்ளன. பச்சை குத்துவதற்கு எதிராகப் பேசுவோர் முதலில் எடுத்துக்காட்டும் இடம் இதுவே. ஆனால் அதே அதிகாரத்தில் தாடியின் ஓரத்தைக் கத்தரிக்கலாகாது என்றும், இருவகை நூல் கலந்த ஆடையை உடுத்தலாகாது என்றும் விதிகள் உள்ளன. அவற்றைக் கிறிஸ்தவர்கள் எக்காலத்தும் தங்களுக்குரியனவாகக் கொண்டதில்லை. துளைத்தலைப் பற்றிய செய்திகளோ இன்னும் சுவையானவை. ஆபிரகாமின் ஊழியன் ரெபெக்காளுக்குப் பெண் பேச வந்தபோது கொடுத்த பரிசு பொன் மூக்கணி. எகிப்திலிருந்து வெளியேறிய மக்கள் கன்றுக்குட்டியை வார்ப்பிக்கக் கழற்றிக் கொடுத்தவை காதணிகள். விடுதலையை விரும்பாமல் எசமானோடேயே தங்கிவிட எண்ணும் அடிமையின் காதைக் கதவு நிலையோடு சேர்த்துக் கம்பியால் குத்த வேண்டும் என்று யாத்திராகமம் கூறுகிறது. அந்தத் துளை அவன் என்றைக்கும் இன்னாருக்கு உரியவன் என்பதற்கு அடையாளம். ஏசாயா நூலில் ஒருவன் தான் கர்த்தருக்குரியவன் என்று தன் கையில் எழுதிக்கொள்வதாக வருகிறது. பவுல் அடிகள் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் இயேசுவின் அடையாளங்களைத் தம் உடலில் தாங்கியிருப்பதாகக் கூறுகிறார். அவர் கூறியது அடிபட்ட தழும்புகளை. ஆயினும் அவர் ஆண்ட கிரேக்கச் சொல், அடிமைகள் மீதும் குற்றவாளிகள் மீதும் குத்தும் குறிக்கு அக்காலத்தில் வழங்கிய அதே சொல்லாகும்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரோமப் பேரரசில் பச்சைக் குறி பெரும்பாலும் அவமானத்தின் குறி. ஓடிப் பிடிபட்ட அடிமையின் நெற்றியிலும், சுரங்கத்துக்கு அனுப்பப்பட்ட கைதியின் முகத்திலும் அது குத்தப்பட்டது. கிறிஸ்தவத்தைத் தழுவிய முதற் சக்கரவர்த்தியான கான்ஸ்டன்டைன் 316-ஆம் ஆண்டளவில் ஒரு சட்டம் செய்தார். தண்டனை பெற்றவனின் முகத்தில் குறி இடக்கூடாது. வேண்டுமானால் கைகளிலோ கெண்டைக்காலிலோ இடலாம் என்பது அதன் சாரம். மனித முகம் வானுலக அழகின் சாயலில் அமைந்தது என்பதே அதற்கு அவர் காட்டிய காரணம். தடையும் சலுகையும் கலந்த இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். வங்காளத்தில் இது மீண்டும் நமக்கு வேண்டியிருக்கும்.

787-இல் இங்கிலாந்தின் வடபகுதியான நார்த்தம்பிரியாவில் போப்பாண்டவரின் தூதர்கள் கூட்டிய சங்கம் இன்னும் நுட்பமாகப் பேசியது. ஒருவன் கடவுளுக்காக இத்தகைய குறியின் வேதனையைத் தாங்கினால் அவனுக்குப் பலன் உண்டு, பிற சமயத்தாரின் மூடவழக்கப்படி குத்திக்கொண்டால் அதனால் அவனுக்கு யாதொரு நன்மையும் இல்லை என்று அச்சங்கம் தீர்மானித்தது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இத்தீர்மானத்தில், பின்னே நிகழ்ந்த எல்லா வழக்குகளுக்கும் உரிய வித்து இருக்கிறது என்பது நம் எண்ணம்.

கடவுளுக்காகக் குத்திக்கொண்டவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எகிப்து நாட்டுக் கோப்தியக் கிறிஸ்தவர்கள் வலக்கை மணிக்கட்டின் உட்புறத்தில் சிறு சிலுவையைக் குழந்தைப் பருவத்திலேயே குத்திவிடுகின்றனர். பெரும்பான்மையோர் வேறு சமயத்தவராக உள்ள நாட்டில் அந்தச் சிலுவை அழியாத சாட்சி. எருசலேமுக்கு யாத்திரை போனவர்கள் அங்கேயே கையில் சிலுவையும் யாத்திரை ஆண்டும் குத்திக்கொண்டு திரும்பும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. எருசலேமில் ரஸ்ஸூக் என்னும் கோப்தியக் குடும்பத்தார் எழுநூறு ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்து வருவதாகக் கூறுகின்றனர். பழைய மரக்கட்டை அச்சுகளில் மை தோய்த்துத் தோலின் மேல் உருவத்தைப் பதித்து, பிறகு அந்த வரிகளின் மேல் ஊசி செலுத்துவது அவர்கள் முறை. ஆர்மீனியக் கிறிஸ்தவர்களுள் இவ்வாறு யாத்திரை முடித்துக் குறியுடன் திரும்பியவர்க்கு ஊரில் தனி மரியாதையும், மஹ்தெசி என்ற பட்டமும் கிடைத்தன. கல்கத்தாவில் இன்று நிலைத்து நிற்கும் மாதா கோயில்களுள் மிகப் பழமையானது, 1724-இல் எழுந்த ஆர்மீனியர் கோயிலே என்பதையும் இங்கே நினைவூட்டலாம். ஆங்கிலேயப் பாதிரிமார் கப்பலேறி வருவதற்கு வெகு காலம் முன்னரே, குறி தாங்கும் மரபையுடைய கிறிஸ்தவர்கள் இந்த நகரத்தில் வழிபட்டு வந்தனர்.

இனி இந்தியாவில் இவ்வினா சட்ட வடிவம் பெற்ற முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்றைக் காண மேற்குக் கடற்கரைக்குச் செல்ல வேண்டும். 1599 ஜூன் மாதம் கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில், கோவாவின் பேராயர் அலெய்ஷோ டி மெனெஸஸ் ஒரு சங்கத்தைக் கூட்டினார். மலையாள நாட்டில் பன்னெடுங்காலமாக வாழ்ந்த தோமையார் கிறிஸ்தவர்களை உரோமாபுரியின் ஆட்சிக்குள் கொண்டுவருவது அதன் நோக்கம். கோட்பாடு, திருச்சடங்கு, ஏடுகள் ஆகியவற்றைப் பற்றிய நீண்ட தீர்மானங்களின் நடுவே காதைப் பற்றியும் ஒரு தீர்மானம் உள்ளது. கிறிஸ்தவர்கள் புறத்தோற்றத்தாலும் பிறரினின்று பிரித்தறியத்தக்கவராக இருக்க வேண்டும். ஆகவே இனி ஆண்கள் காது குத்திக்கொள்ளவோ துளையைப் பெரிதாக்கிக்கொள்ளவோ கூடாது. மீறுவோரைத் திருச்சபைத் தலைவர் தண்டிக்கலாம் என்பது அதன் கருத்து. பெண்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஏன் தெரியுமா? காதணி பெண்களிடையே எல்லா இடங்களிலும் வழங்கும் பொது அணி என்று சங்கம் கருதியது.

இத்தீர்மானத்தில் லேவியராகமம் வரவில்லை. உடம்பின் புனிதம் வரவில்லை. அண்டை வீட்டு நாயரின் காதும் கிறிஸ்தவனின் காதும் ஒன்றாக இருக்கின்றனவே என்ற கவலைதான் வந்தது. போர்த்துகீசியப் பேராயருக்குத் தம் மந்தை எது என்று தொலைவிலிருந்து அடையாளம் காண வேண்டியிருந்தது. பெண்ணின் காதோ அவர் நாட்டிலும் துளையிட்டதாகவே இருந்ததால் அது அவர் கண்ணை உறுத்தவில்லை. அந்தச் சமூகத்து மூதாட்டிகள் காதின் மேல்மடலில் துளையிட்டு மேக்கமோதிரம் என்னும் பெரிய வளையத்தை அணிந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரையில் தொடர்ந்தது.

மீண்டும் வங்காளத்துக்கு வருவோம். இங்கே கிழக்கிந்தியக் கம்பெனியார் செய்த ஒரு காரியத்தை முதலில் கூற வேண்டும். 1797-இல் இயற்றிய ஒழுங்குவிதி ஒன்றின்படி, ஆயுள் தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியில் குற்றத்தையும் தீர்ப்பின் விவரத்தையும் பச்சை குத்தினர். கோதனா என்று வழங்கிய இத்தண்டனை 1849-இல்தான் நீக்கப்பட்டது. கான்ஸ்டன்டைன் முகத்தில் குத்தலாகாது என்று ஆணையிட்டு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், கிறிஸ்தவ அரசர் ஒருவரின் குடிகளான அதிகாரிகள் நெற்றியையே தேர்ந்தெடுத்தனர். தலைப்பாகையைக் கண் வரையில் இறக்கிக் கட்டிக்கொண்டு அந்த எழுத்தை மறைக்கக் கைதிகள் முயன்றனராம். குத்தியவர்க்கு அது அரசாங்கப் பதிவேட்டின் ஒரு பக்கம். குத்தப்பட்டவனுக்கு அது முகம்.

இவ்வாறு ஒருபுறம் அரசாங்கமே ஊசி பிடித்திருந்த காலத்தில், மறுபுறம் சரக் பூசையைக் கண்ட பாதிரிமார் திகைத்தனர். செராம்பூரிலிருந்த வில்லியம் வார்டு, காளிகாட்டில் ஆண்டுதோறும் அடியார்கள் நாவையும் விலாவையும் துளைத்துக்கொண்டு ஆடிப்பாடி நகர வீதிகளில் திரும்பி வருவதைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். 1823-இல் கல்கத்தாவின் அத்தியட்சராக வந்த ரெஜினால்டு ஹீபர் அடுத்த ஆண்டு ஏப்ரலில் சரக் ஊர்வலங்களை நேரில் கண்டு நாட்குறிப்பில் எழுதினார். ஹீபர் மென்மையான மனத்தினர், கவிஞர். இந்நாட்டு மக்களின் வழக்கங்களை எடுத்த எடுப்பில் இகழ்பவர் அல்லர். அவரே 1826-இல் தமிழ்நாட்டுக்கு வந்து, தஞ்சாவூரில் தமிழ்க் கிறிஸ்தவர்களோடு உயிர்த்தெழுந்த திருநாளைக் கொண்டாடிச் சில நாட்களுக்குள், ஏப்ரல் 3-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் உயிர் நீத்தார்.

பாதிரிமாரின் எதிர்ப்புக்கு இரண்டு வேர்கள் இருந்தன. ஒன்று இரக்கம், தோல் கிழிந்து விழுந்து இறந்தவர்களும் உண்டு. மற்றொன்று கோட்பாடு. புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்க்கு, மனிதன் தன் உடலை வருத்திப் புண்ணியம் தேடுதல் வீண்; அந்தப் பணி சிலுவையிலேயே முடிந்துவிட்டது. உடம்பு தூய ஆவியின் ஆலயம், அது மனிதனுக்குச் சொந்தமன்று என்ற பவுலின் போதனையையும் அவர்கள் எடுத்துரைத்தனர். ஆனால் கொக்கியில் தொங்கியவனும் ஏறக்குறைய இதையேதான் கூறினான்: என் உடம்பு எனதன்று, நோய் தீர்த்த தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டது. வழக்கு உடம்பைப் பற்றியதன்று. அதன் உரிமையாளரைப் பற்றியது. மேலும், ஐரோப்பாவிலும் தெருவில் தம்மைத் தாமே சவுக்கால் அடித்துக்கொண்டு சென்ற கிறிஸ்தவத் துறவிகள் இருந்தனர் என்பதைப் பாதிரிமார் மறந்திருக்க முடியாது.

கல்கத்தாப் பாதிரிமார் மாநாட்டினர் 1850-களின் நடுவில் இக்கொடுமையைச் சட்டத்தால் நிறுத்த வேண்டும் என்று வங்காள அரசுக்கு விண்ணப்பம் செய்தனர். லெப்டினென்ட் கவர்னர் ஹாலிடே அளித்த விடை குறிப்பிடத்தக்கது. மனமுவந்து ஏற்கும் வேதனை இது. ஆகவே இதற்கு மருந்து பாதிரியாரும் பள்ளி ஆசிரியருமே அன்றி அதிகாரம் அன்று என்று அவர் கூறிவிட்டார். சமயப் பிரசாரகர்கள் காவலரை அழைக்க, அரசாங்க அதிகாரி பிரசாரகர்களையே அனுப்பிவைத்த விந்தை இது! 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் சமய வழக்கங்களில் கைவைக்க அரசு இன்னும் அஞ்சியது. எனினும் படித்த இந்துக்களிடையேயும் இவ்வழக்கத்துக்கு எதிர்ப்பு வளர்ந்திருந்தது. காலிப்ரசன்ன சிங்ஹர் 1862-இல் வெளியிட்ட ஹுதோம் பெஞ்சார் நக்ஷா என்ற நூல், சரக் திருவிழாவின் ஆரவாரத்தை நையாண்டி செய்தே தொடங்குகிறது. பெருநிலக்கிழார் சங்கமாகிய பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தின் கருத்தையும் அரசு கேட்டறிந்தது. முடிவில் லெப்டினென்ட் கவர்னர் சிசில் பீடன் 1865 மார்ச்சில் கொக்கிச் சுழற்சியைத் தடை செய்தார்.

கம்பத்தில் சுழன்றவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். பூசைக்குப் பொருள் கொடுத்துப் புகழ் பெற்றவர்கள் செல்வர். விண்ணப்பம் எழுதியவர் பாதிரியார், விடை எழுதியவர் துரை, கேலி எழுதியவர் ஜமீன் வீட்டுப் பிள்ளை. தொங்கியவனுடைய சொல்லைத் தேடுவோர்க்கு அந்தக் காகிதக் கட்டுகளில் கிடைப்பது மிகக் கொஞ்சம். வடகல்கத்தாவில் பீடன் துரையின் பெயரைத் தாங்கிய பீடன் தெருவிலேயே, சாத்து பாபு சந்தையருகே இன்றும் சரக் திருவிழா நடந்து வருகிறது. கொக்கிக்குப் பதிலாகத் துணியும் கயிறும் இடுப்பைத் தாங்குகின்றன. தடை செய்தவரின் பெயரிட்ட தெருவில் கம்பம் சுழல்வதை வங்காளிகள் ஒரு வேடிக்கையாகவே சொல்லுகின்றனர். தமிழ்நாட்டில் செடல் என்று வழங்கிய அதே கொக்கிச் சுழற்சி 1890-களில் சோழவந்தானில் நடைபெற்றபோது, மதுரைப் பகுதிப் பாதிரிமாரும் பத்திரிகைகளும் இதே வாதங்களை மீண்டும் எழுப்ப, சென்னை அரசும் அப்பத்தாண்டில் தடைக்கு இணங்கியது.

இந்தத் தடைக்குப் பத்தாண்டு கழித்து, 1875 டிசம்பரில் கல்கத்தா நகரம் தோரணங்களால் பொலிந்தது. விக்டோரியா அரசியின் மூத்த குமாரர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னராகி ஆங்கிலத் திருச்சபையின் தலைவராகவும் ஆனவர், வருகை தந்திருந்தார். அவருடைய கையில் எருசலேம் சிலுவை பச்சை குத்தப்பட்டிருந்தது! 1862-இல் புண்ணிய பூமிக்குச் சென்றபோது அவர் குத்திக்கொண்டது அது. இதனை எந்தப் பாதிரியாரும் லேவியராகமத்தைக் காட்டிக் கண்டித்ததாகத் தெரியவில்லை. இளவரசர் மட்டும் அன்று. துறைமுகத்தில் இறங்கிய மாலுமிகளும் கோட்டையிலிருந்த சிப்பாய்களும் கைகளில் சிலுவையும் நங்கூரமும் தாங்கியவர்களே. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மனித உடல் அளவைகளை எடுத்து வந்தபோது, சென்னை யூரேஷியக் கிறிஸ்தவ ஆண்களின் கைகளில் கண்ட பச்சைக் குறிகளையும் குறித்துவைத்து 1898-இல் அருங்காட்சியக வெளியீடு ஒன்றில் அச்சிட்டார். சிலுவைகளும், சிலுவையில் அறைந்த உருவங்களும், இதயங்களும் அவற்றுள் இருந்தன. பர்மியர் குத்தியவையும் சிப்பாய்கள் குத்தியவையும் அவற்றுள் அடங்கும்.

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு கிறிஸ்தவக் கூட்டத்தாரிடையே பச்சைக் குறி மெல்ல மறைந்துகொண்டிருந்தது. அந்தக் கதையும் கல்கத்தாத் தெருவிலேயே தொடங்குகிறது. 1844-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனி நாட்டுக் கோஸ்னர் மிஷனைச் சேர்ந்த நான்கு பாதிரிமார் கல்கத்தாவில் இறங்கினர். எங்கே பணிபுரிவது என்று முடிவாகாமலிருந்த அவர்கள், நகரத்தில் கூலிவேலை செய்துகொண்டிருந்த சோட்டா நாகபுரி மலைமக்களைக் கண்டு, இவர்கள் ஊர் எது என்று விசாரித்து, 1845 நவம்பரில் ராஞ்சிக்குச் சென்று சேர்ந்தனர். 1850-இல் ஒராவோன் குலத்தார் நால்வர் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்றனர். ஒராவோன் பெண்களின் நெற்றியில் குத்தப்படும் மூன்று கோடுகளுக்கு ஒரு வீரக்கதை உண்டு. ரோத்தாஸ் கோட்டையில் ஆடவர் மயங்கிக் கிடந்த நாளில் சினகி தாய் என்னும் அரசகுமரியின் தலைமையில் பெண்கள் ஆண்வேடம் பூண்டு பகைவரை மும்முறை துரத்தினர். அந்த மூன்று வெற்றிகளின் நினைவே மூன்று கோடுகள் என்பர். உயிர் பிரிந்த பின்னும் உடன் வரும் அணி பச்சை ஒன்றே என்ற நம்பிக்கையும் மத்திய இந்தியப் பழங்குடிகளிடையே பரவலாக உள்ளது. கிறிஸ்தவத்தைத் தழுவிய குடும்பங்களில் இந்தக் குறி தலைமுறை தலைமுறையாகக் கைவிடப்பட்டது. பழைய ஆவிகளின் ஆட்சிக்கு உட்பட்டதன் அடையாளம் அது என்று மிஷனரிமார் கருதினர். நெற்றியைப் பார்த்தே எவர் கிறிஸ்தவர், எவர் அல்லர் என்று கூறும் நிலை வந்தது. உதயம்பேரூர்ச் சங்கம் காதில் தேடிய வேறுபாடு ராஞ்சியில் நெற்றியில் கிடைத்தது. ஆனால் கோடுகளோடு மூன்று வெற்றிகளின் கதையும் அந்தப் பெண்களின் முகத்திலிருந்து போயிற்று. இந்த இழப்பை அந்நாளில் எவரும் கணக்கில் எழுதவில்லை.

நம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தால், வழக்கு நெற்றியைவிட்டு மீண்டும் காதுக்கு இறங்குகிறது. பெண் குழந்தையின் காதைக் கத்தியால் துளைத்து, முதலில் பஞ்சும் பின்னர் ஓலைச்சுருளும் வைத்து, அதன்பின் ஈயக் குணுக்குகளை மாட்டித் தோள் தொடும் வரையில் வளர்ப்பது அங்கே அழகு என்று மதிக்கப்பட்டது. பாம்படமும் தண்டட்டியும் அந்தக் காதில் தொங்கின. காது வளராத பெண்ணுக்கு மாப்பிள்ளை வருவது அரிது என்றும் கருதினர். மிஷன் பெண்பள்ளிகளை நடத்திய அம்மையார்கள் இதனைக் கண்டு மனம் நொந்தனர். குழந்தை படும் வேதனை ஒருபுறம். பேதுரு, பவுல் இருவரும் பெண்கள் பொன்னால் தங்களை அலங்கரியாமல் இருப்பதே நலம் என்று எழுதியிருப்பது மறுபுறம். இவர்களைச் சேர்ந்த மிஷனரிமார்தாம் திருவிதாங்கூரில் கிறிஸ்தவப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1820-கள் தொடங்கி 1859 வரையில் போராடத் துணை நின்றனர். ஓர் உடம்புக்கு மானம் தேடித் தந்தவர்களே அதே உடம்பின் காதைச் சுருக்கச் சொன்னார்கள். நாடார் சமூகத்துச் சீர்திருத்தக்காரர்களும், கிறிஸ்தவர் இந்து என்ற வேறுபாடின்றி, பின்னர் இதே கருத்தை வற்புறுத்தினர்.

நீண்ட காதை நறுக்கித் தைத்துக்கொண்ட மூதாட்டிகளை நாம் இளமையில் கண்டிருக்கிறோம். மடலின் ஓரத்தில் மெல்லிய தழும்பு இருக்கும். அதனைப் பற்றிக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். தைத்துக்கொள்ள மறுத்து, ஞாயிறுதோறும் பாம்படம் ஆட ஆலயத்தின் முன்வரிசையில் அமர்ந்த பாட்டிமாரும் உண்டு. அவர்களைத் துரத்த எந்த உபதேசியாருக்கும் துணிவு வந்ததில்லை. பாம்படம் என்பது அணி மட்டுமா? கைம்பெண்ணானாலும் கடனாளியானாலும் கைவிடாத சேமிப்பு அது. குறத்தி குத்திய பச்சையோ செலவில்லாத அணி. மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் துணியில் வைத்துத் திரித்து ஆமணக்கெண்ணெயில் எரித்து, அந்தக் கரியை எடுத்துக் குழைத்துக் குத்துவாள் அவள். தேள், கோலம், புருஷன் பெயர் என்று கேட்டதைக் குத்தினாள்; கிறிஸ்தவப் பெண்ணின் முன்கையில் சிலுவையும் குத்தினாள். காது வளர்த்தலைக் கண்டித்த ஊர்களிலும் அந்தச் சிலுவையின் மீது அவ்வளவு கோபம் எழவில்லை. நார்த்தம்பிரியச் சங்கத்தின் பழைய தீர்ப்பை யாரும் படித்திராவிட்டாலும், அதன்படியே நடந்தார்கள் எனலாம்.

இன்றைய நிலையைச் சில வரிகளில் கூறிவிடலாம். உரோமன் கத்தோலிக்கத் திருச்சபை பச்சை குத்துதலைப் பொதுவாகத் தடை செய்யவில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் அது அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. போதகர் முகம் சுளிப்பதும் இளைஞர் சட்டைக்கையை இறக்கி விட்டுக்கொள்வதும் வேறு செய்தி. பெந்தெகொஸ்தே சபைகள் சிலவற்றில் மட்டும் கட்டுப்பாடு மிகுதி. ஞானஸ்நானம் பெறும் பெண் காதணியையும் மூக்குத்தியையும் கழற்றிவிடுகிறாள். குழந்தைகளுக்குக் காது குத்துவதும் இல்லை. உதயம்பேரூரில் பெண்ணுக்கு அளித்த விலக்கு இவர்களிடத்தில் நீங்கிவிட்டது. தாய்மாமன் மடியில் அமர்ந்து காது குத்திக்கொள்வது உறவின் உரிமை என்று கருதும் நம் ஊர்க் குடும்பங்களில் இதனால் எழும் மனக்கசப்பு சிறிதன்று. மாமன் சீர்வரிசையுடன் காத்திருக்க, தங்கை குழந்தையைக் கொடுக்க மறுக்கிறாள். அந்த மறுப்பில் அவள் தன் பழைய வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிட்டாள் என்பதை மாமன் அறிகிறான். அதனால்தான் அவனுக்கு அவ்வளவு துயரம்.

கரியாஹாட் பகுதியில் இப்பொழுது பச்சை குத்தும் கடைகளும் வந்துவிட்டன. வங்காளியில் உல்கி என்று வழங்கிய பழைய சொல்லைப் பலகையில் காண்பது அரிது. டாட்டூ என்றே எழுதியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவில் ஒட்டிய மாதிரிப் படங்களில் சிவனுடைய திரிசூலமும், சிலுவையும், காளியின் முகமும் ஒரே தாளில், ஒரே அளவில் அச்சாகியிருக்கின்றன. எதை எடுத்தாலும் அங்குல அளவுக்குத்தான் கூலி. சைத்திர மாதக் கடைசியில், தெருவில் யாசிக்கும் சிவனடியாரின் கொட்டுச் சத்தம் அந்தக் கதவைத் தாண்டி உள்ளேயும் கேட்கிறது.